ஒரே செயலி, மூன்று சாதனம்: பால் எடுக்கும் சென்டருக்குத் திரை வடிவமைப்பது எப்படி?

கரிசல்காடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஆறு மாதமாகப் பால் சேகரிக்கும் சென்டர்களுக்கு ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் இரண்டே பேர். நான் நிரல் எழுதுகிறேன், நண்பர் ஊர் ஊராகப் போய் நிறுவிக் கொடுக்கிறார்.

இது மூன்று இடத்தில் ஓட வேண்டும். ஒன்று, பால் அளக்கும் இடத்தில் இருக்கும் கையடக்க ரசீது மெஷின்: சின்னத் தொடுதிரை, கீழே எண் பொத்தான்கள், மேலே 2 அங்குலப் பேப்பர். இரண்டு, அலுவலகக் கம்ப்யூட்டர். ரேட் சார்ட் (பால் விலைப் பட்டியல்) மாற்றுவது, பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா கணக்கு எடுப்பது எல்லாம் அதில்தான். மூன்று, பால் ஊற்றுபவர்களின் போன்.

மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் பழகுவது சுலபம் என்று நினைத்து, போனுக்கு வரைந்ததையே மற்ற இரண்டுக்கும் போட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு திரைக்கு ஆறு உறுப்பினர்தான் தெரிகிறார்கள், மீதிக்கு உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மெஷினிலோ படம் போட்ட பொத்தான்களே திரையை அடைத்துக்கொள்கின்றன.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மெஷினில் புள்ளி அடிப்பது சிரமம் என்பதால், 42 என்று அடித்தால் 4.2 ஃபேட் (பாலில் உள்ள கொழுப்பின் சதவீதம்) என்று எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தேன். லிட்டருக்கும் அதே விதி. கம்ப்யூட்டரில் அந்த விதி கிடையாது. போன வாரம் ஒரு காலை, பாலைச் சோதித்து மெஷினில் அடிக்கும் டெஸ்டர் வரவில்லை. அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவர் மெஷினைப் பிடித்தார். 12 லிட்டர் ஊற்றியவருக்கு 12 என்று அடித்தார், 1.2 என்று சீட்டு வந்தது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. வண்டியில் கேன் ஏற்றும்போதுதான் கணக்கு உதைத்தது. அன்று கொடுத்த சீட்டுகளை எல்லாம் திரும்ப வாங்கித் திருத்திக் கொடுத்தோம். தப்பு என்னுடையது. அளந்து ஊற்றிய பாலுக்குக் குறைவாகச் சீட்டு கொடுத்தால் அந்த சென்டர் மேல் இருக்கும் நம்பிக்கையே போய்விடும்.

எங்கிருந்து சரிசெய்ய ஆரம்பிப்பது? மூன்றுக்கும் மூன்று வடிவமைப்பா, ஒன்றேவா?

---

நூலிழை

தம்பி, முதலில் ஒரு கேள்வி. பால் எடுக்கும் நேரத்தில் அங்கே நின்று பார்த்திருக்கிறீர்களா? நிறுவிக் கொடுக்கப் போவதைச் சொல்லவில்லை. ஒரு காலை முழுக்க, ஒன்றும் பேசாமல் ஓரமாக நின்று பார்ப்பதைக் கேட்கிறேன்.

பாம் பைலட் என்று 1996ல் ஒரு கையடக்கக் கருவி வந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி தயாராவதற்கு முன்பே அந்த அளவில் ஒரு மரக்கட்டையைச் செய்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து, அதில் தட்டுவது போலச் செய்து பார்ப்பார். எத்தனை தட்டில் ஒரு வேலை முடிய வேண்டும் என்பது அவருக்கு இப்படித்தான் பிடிபட்டது. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை நடக்கும் இடத்தில் நின்றால்தான் சில விஷயங்கள் தெரியும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: ஒரே திரையை எல்லாவற்றுக்கும் இழுத்துப் போடாதீர்கள். பெரிய நிறுவனங்களே அதில் அடிபட்டிருக்கின்றன. 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது, டேப்லெட்டுக்கு ஏற்ற பெரிய கட்டங்களை மவுஸ் வைத்திருப்பவர்களுக்கும் கொடுத்தார்கள், ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடமே 8.1ல் பொத்தான் திரும்பி வந்தது, 2015ல் விண்டோஸ் 10ல் மெனுவும் வந்துவிட்டது. உபுண்டு என்ற இயங்குதளமும் போன், டேப்லெட், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் யூனிட்டி என்ற ஒரே முகப்பு என்று சில வருடம் உழைத்து, 2017 ஏப்ரலில் அந்த முயற்சியைக் கைவிட்டது.

காரணம் எளிது. ஒரு பொத்தானைத் தொட எவ்வளவு நேரமாகும் என்பது அதன் அளவையும் தூரத்தையும் பொறுத்தது என்று 1954லேயே உளவியலாளர் பால் ஃபிட்ஸ் எழுதிவிட்டார். மவுஸ் முனை ஒரு புள்ளியைக்கூடத் தொடும், விரல் நுனி அப்படி இல்லை. அதனால்தான் ஆப்பிள் தொடும் இடத்துக்குக் குறைந்தது 44 பாயின்ட் என்கிறது, ஆண்ட்ராய்டு 48 டிபி (இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள்), அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அந்த 9 மில்லிமீட்டரை அப்படியே கம்ப்யூட்டர் அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் கொடுத்தால் உங்கள் ஆறு உறுப்பினர் கதைதான் நடக்கும்.

---

திண்ணை

நூலிழை சொல்வதில் பாதி சரி. ஆனால் இரண்டு பேர் கம்பெனியிடம் மூன்று வடிவமைப்பு செய்யச் சொன்னால் அவர்கள் தாங்க மாட்டார்கள். இன்றைக்கு மூன்று செயலி எழுதுவார்கள், ஆறு மாதம் கழித்து ரேட் கணக்கில் ஒரு மாற்றம் வரும், இரண்டில் மாற்றிவிட்டு மூன்றாவதை மறந்துவிடுவார்கள். கரிசல்காடு தம்பிக்கு நடந்ததே அதுதான். எண் வாங்கும் விதி மெஷினில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று. பொத்தான் அளவு பிரச்சினை அதற்கு அப்புறம்தான் வரும்.

ஈதன் மார்கோட் 2010ல் ரெஸ்பான்சிவ் வடிவமைப்பு (திரைக்கேற்ப மாறும் வடிவமைப்பு) என்று எழுதியதிலிருந்து எல்லோரும் திரையின் அகலத்தை வைத்தே முடிவெடுக்கிறோம். அகலம் பாதிதான் சொல்லும். பெரிய டேப்லெட்டும் சின்ன லேப்டாப்பும் ஒரே அகலம்தான், ஆனால் ஒன்றில் விரல், இன்னொன்றில் மவுஸ். வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் பாயிண்டர் கோர்ஸா (விரல் போலத் தடிமனா) ஃபைனா (மவுஸ் போல நுண்ணியதா), ஹோவர் உண்டா இல்லையா என்று கேட்க வழி இருக்கிறது. அதைக் கேட்டு இடைவெளியை மாற்றுங்கள். மவுஸை மேலே கொண்டுபோனால்தான் தெரியும் என்று எதையும் ஒளித்து வைக்காதீர்கள்; விரலுக்கு ‘மேலே நிற்பது’ என்று ஒன்று கிடையாது.

அப்புறம் அனுபவத்தில் இரண்டு. எண் கட்டத்துக்கு நம்பர் வகையைப் போடாதீர்கள். கர்சர் அந்தக் கட்டத்தில் இருக்கும்போது மவுஸ் சக்கரம் உருண்டால் சில உலாவிகளில் எண்ணே மாறிவிடும், அடித்தவருக்குத் தெரியாது. சாதாரண எழுத்துக் கட்டம் வைத்து, இன்புட்மோடு என்பதில் டெசிமல் என்று கொடுத்தால் போனில் எண் விசைகள் தானாக வரும். இன்னொன்று, கட்டத்துக்குள் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் தொட்டவுடன் பக்கம் பெரிதாகி ஒரு பக்கம் ஓடிவிடும். 16க்குக் குறைக்கவே வேண்டாம்.

---

நூலிழை

திண்ணை ஐயா, எண் விதி ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரே நிரல் என்பதும் ஒரே திரை என்பதும் வேறு வேறு. கணக்கு ஒன்றாக இருக்கட்டும், முகம் மூன்றாக இருக்கட்டும். கம்ப்யூட்டரில் செய்யும் ரேட் சார்ட் வேலை மெஷினில் தெரியவே வேண்டாம். திரையில் சுருக்கி ஒளித்து வைப்பதைச் சொல்லவில்லை, அங்கே அந்த வேலையே கிடையாது.

---

கரிசல்காடு

நூலிழை அக்கா சொன்னபடி நேற்றுக் காலை போய் நின்றேன். முன்பே செய்திருக்க வேண்டும்.

ஐந்தரை மணி. ஒரே ஒரு ட்யூப் லைட். வரிசையில் முப்பது பேருக்கு மேல், ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு கேன். டெஸ்டர் ஒரு கையால் மாதிரிப் பாலை, ஃபேட் அளக்கும் அனலைசரின் கப்பில் ஊற்றி வைக்கிறார், இன்னொரு கை மெஷினில். அனலைசர் எண்ணைக் காட்டும் வரை அவர் சும்மா இருப்பதில்லை, அடுத்தவருடைய பாலை அளக்கிறார். எண் வந்ததும் சத்தமாகச் சொல்கிறார்: “நாற்பத்தேழு, நாலு ரெண்டு, எட்டு நாலு.” உறுப்பினர் எண் 47, ஃபேட் 4.2, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) 8.4. புள்ளி என்று அவர் வாயிலேயே வரவில்லை. சொல்லிக்கொண்டே அடிக்கிறார். வரிசையில் நிற்பவரும் அதைக் காதில் வாங்கிக்கொள்கிறார்.

ஆனால் லிட்டரைச் சொல்லும்போது “பன்னிரண்டு”, “அஞ்சரை” என்று முழுதாகச் சொல்கிறார். இரண்டும் வேறு வேறு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஃபேட் விதியை லிட்டருக்கும் போட்டு வைத்திருந்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். அவர் திரையைப் பார்ப்பது ஒரே ஒரு தடவைதான், சீட்டு எடுக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன். மற்ற நேரமெல்லாம் கண் அனலைசரிலும் ஆளிலும்தான். நான் நான்கு திரையாகப் பிரித்து வைத்திருந்தேன், ஒவ்வொன்றிலும் ‘அடுத்து’ என்று தொடும் பொத்தான். கை ஈரம். பாலும் தண்ணீரும் பட்ட விரலைத் தொடுதிரை சரியாக எடுப்பதில்லை, சில சமயம் தொடாத இடத்தில் தொட்டதாக எடுத்துக்கொள்கிறது. அவர் ஒவ்வொரு தடவையும் தோளில் கிடந்த துண்டில் விரலைத் துடைத்துவிட்டு ‘அடுத்து’ தட்டினார். ஒரு ஆளுக்கு நான்கு தடவை. எத்தனை துடைப்பு என்று எண்ண ஆரம்பித்து, நடுவில் மனது கேட்காமல் நிறுத்திவிட்டேன்.

---

விரல்நுனி

கரிசல்காடு, நல்லா பார்த்திருக்கிறீர்கள். மெஷினில் தொடுதிரையை மறந்துவிடுங்கள். எண் பொத்தான்களும் என்டரும் மட்டும் வைத்தே முழு வேலையும் முடிய வேண்டும். என்டர் அடித்தால் அடுத்த கட்டம், கடைசிக் கட்டத்தில் என்டர் அடித்தால் சீட்டு. கம்ப்யூட்டரிலும் அதே என்டர். கணக்கு வேலை பார்ப்பவர்கள் டேப் விசைக்குப் பழகியவர்கள் இல்லை, என்டர்தான் அவர்கள் கையில் ஊறியது.

ஒரு விஷயம் கவனியுங்கள், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. உங்கள் மெஷினில் மேல் வரிசை 1, 2, 3. போனிலும் அப்படித்தான், ஏடிஎம்மிலும் அப்படித்தான். கம்ப்யூட்டர் விசைப்பலகையின் வலப்பக்கத்தில் மேல் வரிசை 7, 8, 9, கால்குலேட்டரும் அப்படியே. பொத்தான் டெலிபோனுக்கு எந்த அடுக்கு நல்லது என்று பெல் ஆய்வகத்தில் பல வடிவங்களைச் சோதித்து 1960ல் முடிவுகளை வெளியிட்டார்கள், 1963ல் பொத்தான் போன் விற்பனைக்கு வந்தது. அன்றிலிருந்து உலகம் முழுக்க இரண்டு அடுக்கும் அருகருகே இருக்கின்றன. உங்கள் கணக்குப் பிள்ளை பார்க்காமல் அடித்துப் பழகியவர். மெஷினில் 4.2 அடிக்க நினைத்தால் 4 சரியாக விழும், 2 இருக்க வேண்டிய இடத்தில் 8 விழும். நடு வரிசை இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் எல்லா எண்ணும் தப்பாகாது. அதனாலேயே தப்பு கண்ணில் படாது.

அடுக்கை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் எண் பொத்தான்களைப் படமாக வரைந்து வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். கையில் ஒன்று, கண்ணில் ஒன்று இருந்தால் குழப்பம்தான். அடித்த எண்ணைப் பெரிதாகக் காட்டுங்கள். அது போதும்.

---

மெய்யெழுத்து

எல்லோரும் எண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். எழுத்தை யாராவது பாருங்கள்.

கரிசல்காடு முதல் பதிவோடு இணைத்த திரைகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெஷினில் ‘அளவு’, கம்ப்யூட்டரில் ‘கொள்முதல் லிட்டர்’, போனில் ‘பால்’. மூன்றும் ஒரே விஷயம். 12 லிட்டர் 1.2 ஆனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ‘லிட்டர்’ என்று எழுதியிருந்தால் அவர் கண் ஒரு நொடி நின்றிருக்கும். பொத்தான் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், பெயர் மாறவே கூடாது. அந்தப் பெயரும் அங்கே வாயில் புழங்கும் சொல்லாக இருக்கட்டும். ‘கொழுப்பற்ற திடப்பொருள்’ என்று ஒரு திரையில் பார்த்தேன். நல்ல தமிழ்தான், நான் தமிழ்ச் சொற்களுக்காகச் சண்டை போடுகிறவன்தான். ஆனால் வரிசையில் நிற்கும் எல்லோரும் எஸ்என்எஃப் என்று சொல்லும் இடத்தில் அது யாருக்கும் உதவாது.

அடுத்து, பெயரை வெட்டும் விதம். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் எழுத்து போனால் வெட்டுகிறீர்கள் போல. நிரல் எண்ணுவது வேறு, நாம் எண்ணுவது வேறு. ‘கொக்கு’ நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடில் க, அதன் ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி என்று ஆறு. ஐந்து குறி வரைதான் இடம் என்று வைத்து ‘குமரன்’ என்பதை வெட்டிப் பாருங்கள், கடைசிப் புள்ளி விழுந்து ‘குமரன’ என்று நிற்கும். ‘முத்துலெட்சுமி’ ஏடாகூடமான இடத்தில் வெட்டுப்பட்டால் ‘முத்துல’ என்று சீட்டில் வருகிறது. அவருடைய பெயர் அது இல்லையே. ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்ட்ல் செக்மென்டர் என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்து முழு எழுத்தாக வெட்டுங்கள். முடிந்தால் வெட்டாமல் இரண்டாம் வரிக்கு விடுங்கள். பேப்பர் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகப் போகும், போகட்டும்.

அந்த 2 அங்குல பிரின்டர்களில் ஒரு வரிக்குப் பெரும்பாலும் 384 புள்ளிதான். தமிழ் எழுத்துரு அதற்குள் இருக்காது, நீங்கள் படமாக்கித்தான் அனுப்புவீர்கள். அப்படி அனுப்பும்போது வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு வைத்த கணக்கிலேயே வைத்தால் ‘மூ’, ‘ழு’, ‘கூ’ எல்லாவற்றுக்கும் அடிப்பகுதி அறுபடும். திரையிலும் பொத்தானுக்கு உயரத்தைக் கட்டிப் போடாதீர்கள், எழுத்து எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு விடுங்கள்.

---

வன்னிமரம்

நான் கொழும்பில் இருந்து எழுதுகிறேன். இங்கே சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் திரை செய்ய வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டுக் கடைசி வாரம் தமிழைக் கொண்டுவந்து அதற்குள் திணிப்பதுதான் வழக்கமாக நடக்கிற பிழை. ‘சேவ்’ இருந்த இடத்தில் ‘சேமி’ வசதியாக இருக்கும், ‘செட்டிங்ஸ்’ இருந்த இடத்தில் ‘அமைப்புகள்’ இரண்டாக உடையும். நாங்கள் இப்போது முதல் வரைபடத்தையே தமிழில் போடுகிறோம். தமிழுக்குப் பொருந்திய பெட்டியில் ஆங்கிலம் பெரும்பாலும் தானாகவே உட்கார்ந்துவிடும். மொழி மாற்றும் பொத்தானில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்தந்த எழுத்திலேயே இருக்க வேணும், கொடி அடையாளம் வேண்டாம்.

---

கீழத்தெரு

நான் நிரல் எழுதுகிறவன் இல்லை. எங்கள் அம்மா பால் ஊற்றுகிறார், இரண்டு மாடு. எங்கள் ஊர் சென்டரிலும் இப்படி ஒரு செயலி கொடுத்தார்கள். திறந்தால் முதலில் வட்டமாக வண்ண வண்ணமாக ஒரு படம் வரும். அம்மாவுக்கு அது எதற்கு என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அம்மா கேட்பது மூன்று: இன்றைக்கு எவ்வளவு லிட்டர், ஃபேட் எவ்வளவு, இதுவரை எவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறது. ஃபேட் திடீரென்று இறங்கினால் தீவனத்தில் ஏதோ கோளாறு என்று அன்றைக்கே பார்ப்பார். அவருக்கு அது மாட்டின் உடம்பைப் பற்றிய செய்தி.

அவர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறோம். அந்தச் செயலியில் எழுத்து பெரிதானால் ரூபாய்த் தொகையின் கடைசி இரண்டு எண் திரைக்கு வெளியே போய்விடும். தொகை தெரியாத செயலியை எதற்குத் திறப்பது? இப்போது சீட்டைத்தான் அரிசி டப்பாவில் போட்டு வைக்கிறார்.

---

திண்ணை

கீழத்தெரு சொன்னதை அச்சடித்துச் சுவரில் ஒட்டி வைக்கலாம். ஆண்ட்ராய்டு 14லிருந்து எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்க முடியும். அந்த அளவில் வைத்து ஒவ்வொரு திரையையும் சோதித்துப் பாருங்கள் தம்பி. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததை எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக விழ விடுங்கள்.

அப்புறம், பட்டன் போன் வைத்திருப்பவர்களை மறக்காதீர்கள். அவர்களுக்கு எஸ்எம்எஸ்தான் திரை. தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 குறி, அதைத் தாண்டினால் இரண்டு செய்தி ஆகிவிடும். 70க்குள் எது போக வேண்டும் என்று உட்கார்ந்து யோசியுங்கள். அங்கே எது முதலில் வருகிறதோ, அதையே மற்ற எல்லாத் திரையிலும் முதலில் வையுங்கள்.

---

கரிசல்காடு

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எல்லாவற்றையும் செய்து, ஒரே ஒரு சென்டரில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

திண்ணை ஐயா சொன்ன எஸ்எம்எஸ்ஸிலிருந்துதான் ஆரம்பித்தேன். எண், லிட்டர், ஃபேட், எஸ்என்எஃப், தொகை. இந்த ஐந்தும், இதே பெயரில், இதே வரிசையில். சீட்டில் ஐந்து வரி. கம்ப்யூட்டரில் ஐந்து பத்தி உள்ள அட்டவணை, வரிகள் நெருக்கமாக, ஒரு திரைக்கு முப்பது பேர் தெரிகிறார்கள். மெஷினில் ஐந்தும் ஒரே திரையில், ‘அடுத்து’ பொத்தானே இல்லை. போனில் தொகையையும் ஃபேட்டையும் பெரிதாகக் காட்டுகிறேன், ஆனால் வரிசை மாறவில்லை. வட்டப் படம் நானும் ஒன்று வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்.

எண் விதியை ஒரே இடத்தில் எழுதினேன். ஃபேட்டுக்கும் எஸ்என்எஃப்புக்கும் எந்தச் சாதனத்தில் 42 அடித்தாலும் 4.2. லிட்டருக்கு எங்கேயும் அந்த விதி கிடையாது, 12 என்றால் 12. அரை லிட்டருக்குப் புள்ளி தேவைப்படும், அதற்கு மெஷினின் கீழ் வரிசையில் இருக்கும் நட்சத்திரப் பொத்தானைக் கொடுத்துவிட்டேன். ஒருவர் வழக்கமாக ஊற்றுவதில் பாதிக்கும் கீழே போனாலோ இரு மடங்குக்கு மேலே போனாலோ சீட்டு உடனே வராது. “வழக்கம் 11.5, இன்று 1.2. சரியா?” என்று கேட்டு நிற்கும், இன்னொரு என்டர் அடிக்க வேண்டும்.

முதல் நாள் காலை நான் ஓரமாக நின்றேன். டெஸ்டரின் துண்டு தோளிலேயே கிடந்தது.

பெயர்களை வெட்டுவதையும் நிறுத்திவிட்டேன், மெய்யெழுத்து. முத்துலெட்சுமி அம்மாவுக்கு இப்போது முழுப் பெயரும் சீட்டில் வருகிறது.

ஒன்று மட்டும் பாக்கி. காலை இருட்டில் வெள்ளைத் திரை கண்ணைக் கூசுகிறது என்று கறுப்புப் பின்னணி வைத்தேன். மாலையில் மேற்கு வெயில் நேராக மெஷின் மேல் விழுகிறது, கறுப்பில் ஒன்றுமே தெரியவில்லை. மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான் வைக்கலாமா?

---

நூலிழை

பொத்தான் வேண்டாம் தம்பி. காலைப் பாலா மாலைப் பாலா என்று மெஷினுக்கு முன்பே தெரியுமே, சீட்டில் அச்சடிக்கிறதே. காலைக்குக் கறுப்பு, மாலைக்கு வெள்ளை. அதுவே மாற்றிக்கொள்ளட்டும்.

---

கரிசல்காடு

இது எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. இன்று மாலைப் பாலுக்கே போட்டுவிடுகிறேன்.